பிள்ளையை இங்கே இருக்க விடுங்கள்

பெற்றோரே, உங்களிடம் கொஞ்சம் கடிந்துதான் பேச வேண்டியிருக்கிறது. உங்களுக்குப் பிள்ளைகள் மேல் அன்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பள்ளிக் கட்டணம் செலுத்துகிறவர்கள் நீங்கள். ஆனால் அந்த அன்பின் பெயராலேயே ஒரு காரியம் விடாமல் நடந்துவருகிறது. பிள்ளை எந்த நேரத்தில், எந்த உணர்ச்சியில் இருக்கிறதோ, அதில் அதை ஒரு நிமிடம்கூட இருக்க விடாமல் வேறெங்கோ இழுத்துக்கொண்டு போகிறோம். பிறகு பதினேழு வயதில் அதே பிள்ளையைப் பார்த்து, "உனக்கு என்னதான் வேணும்னு உனக்கே தெரியலையே" என்று கோபப்படுகிறோம். எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ள நாம் எப்போது விட்டோம்?

சாப்பாட்டில் தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் இது தொடங்குகிறது. எந்தக் கல்யாணப் பந்தியிலும் பார்க்கலாம். இலைக்கு முன்னால் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த செல்போன். அதில் ஓடும் கார்ட்டூன். அதையே பார்த்துக்கொண்டு பாதி திறந்த வாயோடு இரண்டு வயதுக் குழந்தை. அந்த வாய்க்குள் அம்மா சாம்பார் சாதத்தை வைக்கிறார், குழந்தை விழுங்குகிறது, அடுத்த வாய் போகிறது. "போன் இல்லேன்னா ஒரு வாய்கூட இறங்காதுங்க" என்று அவர் சொல்லும்போது அந்தக் குரலில் இருக்கும் அலுப்பு உண்மையானது. அவரை மட்டும் கேட்கவில்லை, பக்கத்து இலையில் தன் சாப்பாட்டை மட்டும் கவனித்துக்கொண்டிருக்கும் அப்பாவையும் சேர்த்தே கேட்கிறேன்: வயிறு நிறைந்தது அந்தக் குழந்தைக்குத் தெரிந்ததா?

பசிக்கிறது, போதும். ஒரு மனித உயிர் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ளும் முதல் இரண்டு செய்திகள் இவை. பேச்சு வருவதற்கு வெகு முன்பே, கைக்குழந்தை பால் குடித்தது போதும் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அது தன்னை அறிந்துகொண்டிருக்கிறது. நாம்தான் அந்த முகத்தைத் திரும்பவும் இந்தப் பக்கம் திருப்புகிறோம். 1987-இல் லீன் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பள்ளி செல்லும் வயது வராத குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவோடு வயிறு எப்படி இருக்கிறது, பசிக்கிறதா, நிறைந்ததா என்று பேசினார்கள். மற்றக் குழுவோடு தட்டில் மிச்சம் எவ்வளவு, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதா என்று பேசினார்கள், சாப்பிட்டதற்குப் பரிசும் கொடுத்தார்கள். முதல் குழுக் குழந்தைகள், முன்னால் சத்து மிகுந்த எதையாவது சாப்பிட்டிருந்தால் அடுத்த வேளை தாமாகவே அளவைக் குறைத்துக்கொண்டார்கள். இரண்டாவது குழுவினருக்கு அந்தத் திறன் மழுங்கிவிட்டது. வயிறு சொல்வதைக் கேட்காமல் தட்டு சொல்வதைக் கேட்கக் குழந்தைக்குக் கற்றுக்கொடுத்துவிட முடியும் என்பது இதன் பொருள். தட்டு இருந்த இடத்தில் இன்று திரை இருக்கிறது.

இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே கூடாது, இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அந்த நிமிடக் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான், அதைப் பற்றிச் சண்டை போட நான் வரவில்லை. கார்ட்டூன் ஓடிய நேரத்தில் குழந்தையின் நாக்கும் வயிறும் சொன்ன செய்தி குழந்தைக்கே போய்ச் சேரவில்லை என்பதுதான் என் குறை.

அடுத்தது அழுகை. ஓடி விளையாடும் குழந்தை கால் தடுக்கி விழுகிறது. ஐந்து பேர் ஓடி வருகிறார்கள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்கிறார் ஒருவர். முழங்காலில் தோல் உரிந்திருக்கிறது, எரிகிறது, குழந்தைக்கு அது நன்றாகத் தெரிகிறது. தான் முழுமையாக நம்பும் பெரியவர்களோ ஒன்றுமில்லை என்கிறார்கள். "அதோ பாரு காக்கா!" என்கிறார் இன்னொருவர். பாட்டி தரையை ஓங்கி அடிக்கிறார்: "என் தங்கத்தை நீதான் தள்ளிவிட்டியா? இந்தா வாங்கிக்கோ!" குழந்தை அழுகையை நிறுத்தித் தரையைப் பார்க்கிறது. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்த அரை நிமிடத்தில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். வலி இல்லை என்றோம், பிறகு கவனத்தைக் காக்கையிடம் திருப்பினோம், கடைசியில் வலிக்கு வேறொருவர் மேல் பழியைப் போட்டோம். வலியோடு சற்று நேரம் இருந்தால் அது எப்படி மெல்லத் தணிகிறது என்று குழந்தை பார்த்திருக்கும். தன் உடம்பு தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும் என்ற மாபெரும் சேதி அது. அதைப் பார்க்கவிடாமல் செய்துவிட்டோம்.

தடுப்பூசி போடும் இடத்திலும் இதே கதைதான். "வலிக்கவே வலிக்காது" என்று பெற்ற தாயும் தகப்பனும் சொல்கிறார்கள். ஊசி குத்தியதும் வலிக்கிறது. குழந்தை முன்னால் இரண்டே வழிகள்: அப்பா அம்மாவின் சொல்லை நம்பாமல் இருப்பது அல்லது தன் உணர்வையே நம்பாமல் இருப்பது. சின்னக் குழந்தை அப்பா அம்மாவை விட்டுக்கொடுக்காது, தன்னை விட்டுக்கொடுத்துவிடும். "கொஞ்சம் வலிக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள குறைஞ்சிடும், நான் பக்கத்துல இருக்கேன்" என்று சொல்ல என்ன தடை? உண்மையைச் சொல்வதற்குக் கூடுதலாக ஐந்து விநாடிதான் ஆகும்.

உணர்ச்சிக்குப் பெயர் சொல்வது வெறும் பேச்சல்ல. 2007-இல் மாத்யூ லீபர்மேன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்குள் ஆட்களைப் படுக்கவைத்து, கோபமும் பயமும் தெரியும் முகங்களின் படங்களைக் காட்டினார்கள். அந்த முகத்தில் தெரியும் உணர்ச்சிக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, அச்சத்துக்கும் பதற்றத்துக்கும் மணியடிக்கும் மூளைப் பகுதியின் வேகம் தணிந்தது. நம் மொழியிலோ இதற்கான சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஏமாற்றம், ஏக்கம், பொறாமை, கூச்சம், சலிப்பு, தவிப்பு, ரோஷம். தம்பி பிறந்த வீட்டில் மூத்த பிள்ளை காரணமில்லாமல் சிணுங்கினால், "தம்பியைத் தூக்கி வச்சிருக்கேன்னு ஏக்கமா இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "அழுதா பூச்சாண்டி பிடிச்சுக்கும்" என்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆண் பிள்ளைகளுக்கு இந்தச் சொற்கள் போய்ச் சேருவதே இல்லை. "ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" என்ற ஒரே கேள்வியில் அத்தனையையும் அடைத்துவிடுகிறோம். கடைசியில் அவனுக்கு அனுமதிக்கப்பட்ட உணர்ச்சியாகக் கோபம் ஒன்றுதான் மிஞ்சுகிறது. பெண் பிள்ளைக்கு அழ அனுமதி உண்டு, கோபப்பட அனுமதி இல்லை. அதுவும் இதே அளவு கேடு.

மதுரையில் 1896-இல், சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த பதினாறு வயது மாணவன் ஒருவனுக்குக் காரணம் தெரியாமல் மரணபயம் வந்தது. உடம்பில் நோய் எதுவும் இல்லை. அவன் யாரையும் கூப்பிடவில்லை, அங்கிருந்து எழுந்து ஓடவுமில்லை. அப்படியே படுத்துக்கொண்டு, சாகிறது எது என்று அந்தப் பயத்தையே உற்றுப் பார்த்தான். சில வாரங்களில் திருவண்ணாமலைக்குப் போனான், ரமணர் ஆனான். உங்கள் பிள்ளை ரமணராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பதினாறு வயதுப் பையன் ஒருவனால் தன் பயத்தோடு தனியாக இருந்து அதைப் பார்க்க முடிந்திருக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். அந்த நேரத்தில் யாராவது அறைக்குள் வந்து, "ஒண்ணுமில்லடா, எழுந்து படி" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் நினைத்துப் பாருங்கள்.

இனி, நாம் மிகவும் பெருமைப்படும் இடத்துக்கு வருகிறேன்: எதிர்காலம். மூன்று வயதில் ப்ரீ-கேஜி, ஆறு வயதில் அபாகஸ், எட்டாம் வகுப்பில் நீட் ஃபவுண்டேஷன். ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடத்துக்கான தயாரிப்பு மட்டுமே. தமிழ்நாட்டில் இது எந்த அளவுக்குப் போனது என்று உங்களுக்கு நினைவிருக்கும். தனியார் பள்ளிகள் பலவும் பதினோராம் வகுப்புப் பாடங்களை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின. அதைத் தடுப்பதற்காகவே 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் முழுதாக ஒரு வருடத்தையே இல்லாமல் செய்தார்கள். நாம் தடுத்தோமா? அப்படிப்பட்ட பள்ளி வாசலில்தான் விண்ணப்பத்துக்கு வரிசையில் நின்றோம்.

பிறகு பொறியியல் கவுன்சலிங் வருகிறது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிட்ட கட்-ஆஃப் கையில் இருக்கிறது. எதைப் படித்தால் மனம் தானாக ஊன்றி நிற்கும், எதைச் செய்யும்போது நேரம் போவது தெரியாது என்று கேட்டுப் பாருங்கள், பிள்ளை விழிக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை தேடப் பிள்ளைக்கு ஓய்வான பிற்பகல்கள் தேவைப்பட்டிருக்கும். அந்தப் பிற்பகல்கள் எல்லாம் டியூஷனுக்குப் போய்விட்டன.

எதிர்காலத்தைத் திட்டமிட வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். கட்டணம் கட்ட வேண்டிய தேதியும் தேர்வுத் தேதியும் உண்மையானவை. ஆனால் திட்டமிடுவது வேறு, மனம் எப்போதும் வேறிடத்திலேயே குடியிருப்பது வேறு. கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இரு ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2010-இல் 2,250 பெரியவர்களை அவர்களுடைய செல்போன் வழியாகவே இடையிடையே கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்? 46.9 விழுக்காடு பதில்களில் மனம் செய்யும் வேலையில் இல்லை. மனம் வேறெங்கோ இருந்தபோது அவர்களிடம் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது. நாம் ஏறக்குறையப் பாதி வாழ்க்கையில் ஆளில்லாத மனிதர்கள். அதே பழக்கத்தைப் பிள்ளைக்கு மூன்று வயதிலிருந்தே பயிற்றுவிக்கிறோம்.

சன்னல் வழியே வேடிக்கை பார்க்கும் பிள்ளையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டு பல் தேய்க்க மறந்த பிள்ளை கவனமில்லாத பிள்ளை அல்ல. அதன் கவனம் முழுவதும் எறும்பில் இருக்கிறது, நம் அவசரத்தில்தான் இல்லை. மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்து, தந்தையோடு அடையாறுக்கு வந்த ஒரு பையனை மயிலாப்பூர் பள்ளி ஆசிரியர் மந்தம் என்று நினைத்து அடித்தார். வெறுமையாக எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்பதுதான் அவன் மேல் இருந்த புகார். அந்தப் பையன்தான் ஜே. கிருஷ்ணமூர்த்தி. வாழ்நாள் முழுவதும் உலகெங்கும் போய் அவர் பேசியது கவனிப்பதைப் பற்றி.

இப்போது சிலர், "சரி, அதற்கும் ஒரு வகுப்பில் சேர்த்துவிடலாமே" என்று நினைப்பீர்கள். அதைத்தான் கடுமையாகக் கண்டிக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் நம் ஊர்களில் 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' என்ற பெயரில் என்ன நடந்தது? பிள்ளைகளின் கண்ணைக் கட்டிவிட்டு, மூளையாலேயே படிக்கிறார்கள், நிறம் சொல்கிறார்கள் என்றார்கள். ஆயிரக்கணக்கில் பணம் கட்டினோம். மூக்கோரம் இருந்த இடைவெளி வழியாகப் பிள்ளை பார்த்தது. அந்த இடைவெளியை ஒழுங்காக அடைத்துப் பகுத்தறிவாளர்கள் சோதித்தபோது வித்தை நின்றுபோனது. பணம் போனதுகூடப் போகட்டும். தான் இடுக்கு வழியாகப் பார்க்கிறோம் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அப்பா கைதட்டுகிறார், அம்மா கண் கலங்குகிறார், மாமாவுக்கு வீடியோ போகிறது. தனக்கு உறுதியாகத் தெரிந்த ஓர் உண்மையை, பெற்றோரின் மகிழ்ச்சிக்காகப் பிள்ளை உள்ளேயே அமுக்கிக்கொண்டது. தன்னை அறிவதற்கு நேர் எதிரான பாடத்தை ரசீது வாங்கிக்கொண்டு நடத்த வைத்தோம்.

'மைண்ட்ஃபுல்னஸ்' என்னும் மனக்கவனப் பயிற்சியை நேர்மையாக நடத்துகிற இடங்களிலும் நிலைமை எளிதல்ல. பிரிட்டனில் 'மிரியாட்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. 11 முதல் 14 வயதுவரையான 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் அதில் இருந்தார்கள். பாதிப் பள்ளிகளில் மனக்கவனப் பாடம் நடத்தப்பட்டது, மற்றப் பள்ளிகளில் வழக்கமான பாடங்கள். 2022-இல் முடிவு வெளியானது: அந்தப் பாடத்தால் மாணவர்களின் மனநலத்தில் சொல்லும்படியான முன்னேற்றம் எதுவும் இல்லை. பல மாணவர்கள் வீட்டில் அதைச் செய்து பார்க்கவே இல்லை. ஆசிரியர்களிடம் மட்டும், அவர்களுடைய வேலைச் சோர்வில் ஓரளவு நல்ல மாற்றம் தெரிந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றம் வரவில்லை. மனக்கவனத்தை முதலில் பழக வேண்டியவர்கள் பெரியவர்கள்தான் என்றே எனக்குத் தோன்றியது. நம் வீட்டில் நாம் இல்லாமல், பிள்ளையை மட்டும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அனுப்பி எதுவும் ஆகாது.

வீட்டில் நாம் இருக்கிறோமா? 1970-களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் செய்த சோதனையை ஒருமுறை தெரிந்துகொள்ளுங்கள். தாய் கைக்குழந்தையோடு சிரித்துப் பேசுகிறாள். பிறகு இரண்டு மூன்று நிமிடம் முகத்தை அசைவில்லாமல் வைத்துக்கொள்கிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, சத்தம் கொடுக்கிறது. பயனில்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒடுங்கிப்போகிறது. தான் சிரித்தால் அம்மா முகம் சிரிக்கிறது, தான் அழுதால் அந்த முகம் வாடுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் குழந்தை தன்னையே கண்டுகொள்கிறது. 2014-இல் ஜென்னி ரடெஸ்கி என்ற குழந்தை மருத்துவரும் சக ஆய்வாளர்களும் பாஸ்டன் நகர உணவகங்களில் உட்கார்ந்து, பிள்ளைகளோடு வந்த 55 பேரைக் கவனித்தார்கள். 40 பேர் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்தார்கள். சிலர் கடைசிவரை அதை விடவே இல்லை. சென்னையிலோ கோவையிலோ இதே கணக்கை எடுத்தால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்.

பள்ளி ஆண்டு விழாவில் பாருங்கள். மேடையில் பிள்ளை ஆடிக்கொண்டே அம்மா அப்பா முகத்தைத் தேடுகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் போனின் பின்பக்கம் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படமெடுத்துக்கொண்டே போனவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட அந்தப் பொருள்கள் குறைவாகவே நினைவில் நின்றன என்று லிண்டா ஹென்கல் என்ற ஆய்வாளர் கண்டிருக்கிறார். ஒரு படம் எடுங்கள், போதும். பிறகு போனைப் பைக்குள் வைத்துவிட்டுப் பிள்ளை தேடும்போது கிடைக்கும்படி உங்கள் முகத்தை அங்கே வையுங்கள்.

"எங்களுக்கு நேரம் எங்கே?" என்று கேட்பீர்கள். ஷிஃப்ட் முடிந்து இரவு பத்து மணிக்கு வருகிறவர்களையும், இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய்வரும் அம்மாக்களையும் எனக்குத் தெரியும். நான் கூடுதல் நேரம் கேட்கவில்லை. எப்படியும் செய்யப்போகும் வேலையில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன். முருங்கைக்கீரை ஆய வேண்டும் அல்லவா? ஒரு கொத்தைப் பிள்ளையிடம் கொடுங்கள். முதலில் காம்போடு சேர்த்துப் பிய்க்கும், வேகமாக முடிக்கப் பார்க்கும், அலுத்துக்கொள்ளும். "கீழே சிந்தாதே", "இப்படியா ஆய்வாங்க?" என்று கையைத் தட்டாதீர்கள். ஐந்தாறு நிமிடம் கழித்து விரல் தானாக நிதானத்துக்கு வரும். இலை எங்கே விடுபடும், எங்கே விடுபடாது என்று விரலுக்குத் தெரியத் தொடங்கும். அந்த நேரத்தில் பிள்ளை தானாக எதையாவது பேசும். பள்ளியில் யாரோ தன்னைச் சேர்த்துக்கொள்ளாதது, ஆசிரியர் திட்டியது, தனக்கே புரியாத ஒரு பயம். எதிரே உட்கார்ந்து "இன்னைக்கு என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்டால் வராத பேச்சு அது. அப்போது உடனே புத்திமதி சொல்லி அதை மூடிவிடாதீர்கள். "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள்.

"போரடிக்குது" என்று பிள்ளை வந்து நின்றாலும் போனைக் கொடுக்காதீர்கள், வேறு வேலையும் கொடுக்காதீர்கள். அடிக்கட்டும். பத்து நிமிடம் காலைத் தேய்த்துக்கொண்டு சுற்றும், நம்மைக் குறை சொல்லும், பிறகு எதையோ எடுத்துக்கொண்டு ஒரு மூலைக்குப் போகும். அந்த 'எதையோ' என்ன என்று கவனித்து வையுங்கள். எந்த வகுப்பும் சொல்லாத சேதி அதில் இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்த மறுநாளே அதற்கென்று ஒரு கோச்சிங் தேடி ஓடாதீர்கள்.

அப்பாக்களுக்குத் தனியாக ஒன்று. பிள்ளை உணர்வது என்ன என்று கேட்பது அம்மாவின் வேலை, மதிப்பெண் கேட்பது அப்பாவின் வேலை என்ற பங்கீட்டை யார் வகுத்தார்கள்? ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும் நாளில் மட்டும் பிள்ளையை உட்காரவைத்துப் பேசினால், உங்கள் பக்கத்தில் உட்காருவது என்றாலே அதற்கு விசாரணை என்றாகிவிடும். இரண்டு சக்கர வண்டியில் பள்ளிக்குக் கொண்டு போய் விடுகிறீர்களே, அந்தப் பத்து நிமிடம் காதில் இயர்போன் இல்லாமல் ஓட்டுங்கள்.

கடைசியாக, இதன் விளைவுக்கும் தயாராக இருங்கள். தன்னைக் கவனிக்கப் பழகிய பிள்ளை எப்போதும் நமக்கு வசதியான பிள்ளையாக இருக்காது. "எனக்குப் போதும்" என்று சோற்றைத் தள்ளும். "அந்த மாமா கட்டிப்பிடிக்கிறது எனக்குப் பிடிக்கலை" என்று உறவினர் முன்னாலேயே சொல்லும். அப்போது மரியாதை தெரியாத பிள்ளை என்று அதட்டாதீர்கள், அந்தச் சொல் அதன் பாதுகாப்பு. என்றாவது ஒருநாள், கல்லூரியில் சேர்ந்த சில மாதங்களில், "இது எனக்கு ஒத்துவரலைப்பா" என்று வந்து நிற்கவும் கூடும். அன்று உங்களுக்குக் கை நடுங்கும், கடன் நினைவுக்கு வரும், பக்கத்து வீட்டுப் பிள்ளை நினைவுக்கு வருவான். கட்டிய ஃபீஸைப் பற்றி அன்று பேசாதீர்கள். எது ஒத்துவரவில்லை என்று கேட்டுவிட்டு, பிள்ளை சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள்.